கறிவேப்பிலைச் செடிக்குப் பூசிய வாசலின் களிம்பு

எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், அம்மாவின் கறிவேப்பிலைச் செடி இருந்தது. எங்கள் ஊர்த் தேக்கா சந்தையிலிருந்து ஒரு சாண் உயரக் கன்றாக வந்தது அது. முதல் ஆறு மாதம் பிழைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றது. அம்மா புளித்த மோர் ஊற்றினார், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினார், ஆள் இல்லாத நேரம் பார்த்து அதனிடம் கெஞ்சவும் செய்தார். ஒருவழியாக அது மனம் இரங்கி என் தோள் உயரத்துக்கு வளர்ந்தது. அப்புறம் எங்கள் மாடியில் யார் வீட்டில் குழம்பு கொதித்தாலும் எங்கள் இலைதான் மிதந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஒரு நாள் சாயங்காலம் தஞ்சாவூரிலிருந்து போன் வந்தது. அம்மாவின் அப்பா குளியலறையில் விழுந்து மருத்துவமனையில் இருந்தார். மறுநாளே அம்மா விமானம் ஏறினார். எனக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் நானும் அப்பாவும் இங்கேயே இருந்துவிட்டோம். பத்து நாளில் வந்துவிடுவேன் என்று சொன்ன அம்மா, லிப்ட் கதவு மூடும்போது கடைசியாகச் சொன்னது செடியைப் பற்றித்தான்.

"செடிய பாத்துக்கோடா கண்ணு. மண்ணு காய விட்டுராத."

அந்த வாரம்தான் பள்ளியில் செடிகள் எப்படித் தண்ணீர் குடிக்கின்றன என்ற பாடம் நடந்தது. வேர் உறிஞ்சுகிறது, தண்டுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாகத் தண்ணீர் இலை வரை ஏறுகிறது. அது வரை எனக்குச் சம்மதமே. அதற்கு அப்புறம் ஆசிரியை சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவு தூரம் ஏறி வந்த தண்ணீரில் பெரும்பகுதியை இலை தன்னிடம் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் வழியாக ஆவியாக வெளியே விட்டுவிடுகிறதாம். பல் துலக்கும்போது குழாயைத் திறந்து வைத்தாலே அப்பா கதவைத் தட்டும் வீடு எங்களுடையது. இந்த ஊதாரித்தனத்தை யாருமே கண்டிக்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

ஆசிரியை மேசையில் தண்ணீர் ஊற்றிய இரண்டு சோதனைக் குழாய்களை வைத்தார். ஒன்றில் காம்போடு சும்மா ஒரு இலை, இன்னொன்றில் இரண்டு பக்கமும் வாசலின் களிம்பு பூசிய இலை. மறுநாள் பார்த்தால் முதல் குழாயில் தண்ணீர் குறைந்திருந்தது, இரண்டாவதில் அப்படியே இருந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டார். நான்தான் முதலில் கை தூக்கினேன்.

அன்று சாயங்காலமே அம்மா குதிகால் வெடிப்புக்குத் தடவும் வாசலின் டப்பாவை எடுத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கறிவேப்பிலையில் ஒரு கொத்துக்கு எத்தனை இலை என்பது அப்போதுதான் தெரிந்தது. மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று ஒன்று விடாமல் பூசி முடிக்க இரண்டு நாளும் ஒரு முழு டப்பாவும் ஆயின. வேலை முடிந்து வந்த அப்பா, "என்னம்மா பண்ற?" என்றார். "சயின்ஸ்" என்றேன். தேர்வு நேரத்தில் எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு மேல் கேள்வி கிடையாது.

பலன் உடனே தெரிந்தது. மண் காயவே இல்லை. நேற்று ஊற்றிய ஈரம் இன்றும் அப்படியே இருந்தது. நான் பெருமையில் மிதந்தேன். அம்மாவுக்குப் பயந்த அப்பா வேலைக்குப் போகும் முன் தன் பங்குக்கும் ஒரு செம்பு ஊற்றிவிட்டுப் போனார்.

தினமும் ஆறு மணிக்கு அம்மா வீடியோ காலில் வருவார். எடுத்ததும் என்னைக்கூட விசாரிக்க மாட்டார்.

"செடி எப்படிடா இருக்கு?"

"சூப்பரா இருக்கும்மா. மண்ணு காயவே இல்ல. தாத்தா எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. இப்பதான் தூங்கினாரு."

தேர்வுக்குப் படிக்கும் மகளை விட்டுவிட்டுச் செடியைக் கேட்கிறாரே என்று எனக்குக் கோபம்.

முதலில் கண்டுபிடித்தது நாங்கள் மாக்சிக் என்று அழைக்கும் பக்கத்து வீட்டு மலாய் அம்மா. மீன் குழம்புக்கு ஒரு கொத்து பறித்துப் போனவர், ஐந்து நிமிடத்தில் அதைக் கையில் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"அடிக், வொய் சோ ஆய்லி லா?" தங்கச்சி, இலை ஏன் இவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கு என்று விரல்களைத் தேய்த்துக் காட்டினார். நான் சோதனைக் குழாய்களின் கதையை விளக்கினேன். அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தக் கொத்தை மெல்ல மண்ணில் வைத்துவிட்டுப் போனார். அதற்குள் கீழ்க்கிளைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன.

பாடத்தின் மிச்சம் அடுத்த வாரம் வந்தது. அந்தத் துளைகள் தண்ணீரை விரயமாக்க மட்டும் இருப்பவை அல்ல. செடி காற்றை வாங்குவதும் அவற்றின் வழியாகத்தான். மேலே இலை தண்ணீரை விட விடத்தான் கீழேயிருந்து புதுத் தண்ணீர் ஏறும். விடுவதை நிறுத்தினால் ஏறுவதும் நின்றுபோகும். மண் காயாமல் இருந்தது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீருமாக ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க இலைகள் கையோடு வந்தன. அப்பா வந்து பார்த்தபோது செடி பாதி மொட்டையாகவும் நான் முழு அழுகையிலும் இருந்தோம். "இப்ப அம்மாகிட்ட சொல்ல வேணாம்மா. அங்க அவங்களுக்கு இருக்கறது போதும்" என்றார் அப்பா. அன்று ஆறு மணிக்கும் செடி சூப்பராக இருந்தது.

மூன்றாவது வாரம் தாத்தா தவறிவிட்டார். அப்பாதான் என்னை உட்கார வைத்துச் சொன்னார். தாத்தாவை நான் இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். அதனால் துக்கத்தைவிட, காரியம் முடிந்து அம்மா வந்துவிடுவாரே என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. சாவு விழுந்த அன்றும் அம்மா அழைத்தார். முகம் வீங்கியிருந்தது. அப்போதும் கேட்டார், "செடி எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. புதுசா துளிர் விட்டிருக்கு" என்றேன். அம்மா சிரிக்கப் பார்த்தார்.

அம்மா வந்த அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பெட்டியின் சக்கரச் சத்தம் நடைபாதை நெடுக வந்து, செடிக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே நான்கு குச்சிகள்தான் இருந்தன. சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல் நானே வெளியே வந்து துளை, ஆவி, வாசலின், சோப்பு என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"பொய் சொல்லிட்டேம்மா."

"தெரியும்டா. நீ ஒரு நாள்கூட செடி பக்கம் போன திருப்பலியே." அம்மா குனிந்து செருப்பைக் கழற்றினார். "நானுந்தான் தாத்தா பக்கம் திருப்பல."

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அம்மா போய் இறங்கிய நாளிலிருந்தே தாத்தா கண் திறக்கவில்லை என்பதை அப்பா என்னிடம் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். அந்த மருத்துவமனை நடையில் நின்றுகொண்டு, நல்லா இருக்கு என்ற பதில் வரக்கூடிய ஒரே கேள்வியைத்தான் அம்மா தினமும் கேட்டிருக்கிறார்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் திட்டு விழவில்லை என்பது மட்டும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு என்னம்மா கொண்டு வந்தீங்க?" என்று கேட்டேன். அம்மா அங்கேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். மேலே மடித்து வைத்திருந்த தாத்தாவின் துண்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அடியில் இருந்த பால்கோவா பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

பொட்டலம் நசுங்கியிருக்கிறதே என்று நான் குறை சொன்னேன்.