என் பேரில் வந்த பூட்ஸ்

எனக்கென்று வந்த முதல் பூட்ஸ் என் தகப்பனார் காலுக்குக் கச்சிதமாக இருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இத்தனை வயதாகியும் எரிச்சல்தான் வருகிறது. யார்மேல் எரிச்சல் என்று கேட்டால் மட்டும், அப்போது சொல்லியிருக்கக்கூடிய பதிலை இப்போது சொல்ல முடியவில்லை.

யுத்த காலம் அது. குமணன்சாவடியில் ஆவடிச் சாலை பிரிகிற இடத்துக்குப் பின்புறம் எங்கள் வீடு. நான் பூந்தமல்லியில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிடப் போய் வந்துகொண்டிருந்தேன் என்பதுதான் சரி. நாலு வகுப்புக்கும் சேர்த்து ஒரே வாத்தியார். ஒரு வகுப்பை வாய்ப்பாடு சொல்லவிட்டு இன்னொரு வகுப்புக்குக் கணக்குப் போடுவார். அதற்குள் மூன்றாவது வகுப்பு அடித்துக்கொண்டு உருளும். அதைப் பிரித்துவிடப் போனால் முதல் வகுப்பு புளியமரத்தடிக்கு ஓடியிருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் பட்டணத்திலிருந்து மோட்டாரில் ஓர் அம்மாள் வந்தார். நாங்கள் அவருக்கு மோட்டாரம்மா என்று பேர் வைத்தோம். மண்ணில் ஒரு புழு இருக்கிறது என்றார் அவர். வெறுங்காலோடு நடக்கிற பிள்ளைகளின் உள்ளங்கால் வழியாக ஏறி, வயிற்றுக்குள் போய் உட்கார்ந்து ரத்தத்தைக் குடிக்கிறதாம். அதனால்தான் நாங்கள் எல்லாரும் வெளுத்துப்போய் நிற்கிறோமாம். பாதிப் பேர் உட்கார்ந்த இடத்திலேயே காலைத் தூக்கிக்கொண்டார்கள். எல்லாருக்கும் பூட்ஸ் வாங்கித் தருகிறேன், ஒவ்வொரு பிள்ளையின் கால் அளவையும் அனுப்பிவையுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

நாற்பது பிள்ளைகளின் காலைக் கழுவச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்து அளக்க வாத்தியாருக்குப் பொறுமை ஏது? வீட்டுத் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, அவரவர் காலடி நீளத்துக்கு ஒடித்துக் கொண்டுவரச் சொன்னார். அவர் செய்த தப்பு அதுதான். எங்கள் ஊர் அம்மாக்களின் கையில் ஓர் அளவை நம்பிக் கொடுக்கலாமா?

என் பாவாடையைப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். அதில் அடியில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தது. நான் வளர வளர அம்மா ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவாள். ரவிக்கையின் தோள் என் முழங்கைப் பக்கம் தொங்கும். எதை எடுத்தாலும் வருகிற வருஷத்துப் பெண்ணுக்குத்தான் வாங்குவாள். இந்த வருஷத்துப் பெண்ணான நான் அந்தத் துணிகளுக்குள் எங்கேயோ இருந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா என் காலை மணைப்பலகைமேல் வைத்து, பக்கத்தில் ஈர்க்கைப் போட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் நுனிக்கு மேல் தன் இரண்டு விரலை வைத்து, அதற்கும் அப்பால் நகத்தால் கீறினாள்.

"வளர்ற புள்ள. ரெண்டு வெரக்கடை கூட இருந்தா இன்னா கெட்டுப்பூடும்?"

ஒடிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். செங்கல் சூளையிலிருந்து திரும்பிய நைனா தொட்டியோரம் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா கொஞ்ச நேரம் அவர் காலையே பார்த்தாள்.

"இப்டி வந்து காலை வை."

"இன்னாத்துக்குமே?"

"வைன்னா வையேன்."

நைனா பலகையில் ஏறி நின்றார். வெடித்த குதிகாலிலிருந்து விரல் நுனிவரை ஈர்க்கு படுத்துக்கொண்டது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீடே அதிரக் கத்தினேன்.

"அது என்னுது! வாத்தியாரு என் காலைத்தான் கேட்டாரு!"

"ஒன் பேர்லதானே வருது? நீ வளந்துட்டா ஒனக்குத்தான். அதுவரிக்கும் நைனா போட்டுகினு இருப்பாரு" என்றாள் அம்மா.

நைனாவுக்கும் அது பிடிக்கவில்லை. "புள்ள பேர்ல வர்றத நான் மாட்டிகினு போனா நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"நாலு பேரா வந்து நம்மூட்ல ஒலை வெக்கறான்? பூட்ஸு இல்லாங்காட்டி கேட்டாண்ட வுடமாட்டேன்றான்னு நீதானே வந்து சொன்னே? அது கெடக்கட்டும், புள்ள காலுல ஏறுற புழு ஒன் காலுல ஏறாதா?"

புழுவைக் காட்டியதும் நைனா தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஈர்க்கு ஒடிந்தது.

கேட் என்று அம்மா சொன்னது ஆவடிப் பக்கத்தில் பட்டாளத்துக்காரர்கள் போட்டிருந்த ஒரு கிடங்கின் கேட்டை. அங்கே வெளி வேலை, உள் வேலை என்று இரண்டு உண்டு. வெளியே மண் சுமக்கலாம், அதற்கு எந்தக் காலும் போதும். உள்ளே இரும்புப் பட்டறை. தரையெல்லாம் கூர் கூராக இரும்புச் சீவல் கிடக்கும். பூட்ஸ் இல்லாமல் வருகிறவனை மேஸ்திரி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். உள் வேலைக்காரர்களுக்கு மட்டும் வாரா வாரம் கிடங்கிலேயே அரிசி அளந்தார்கள். கடையில் அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாமல் இருந்த நாட்கள் அவை. இந்தப் பேச்செல்லாம் அன்றைக்கு என் காதிலும் விழுந்திருக்கத்தான் வேண்டும். விழுந்ததை நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு என் பூட்ஸ் போச்சு, அவ்வளவுதான்.

மறுநாள் வாத்தியார் என் ஈர்க்கைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், மறுபடியும் ஈர்க்கைப் பார்த்தார். எனக்குப் பின்னால் முப்பது பேர் இடித்துக்கொண்டு நின்றார்கள். என் பேர் எழுதிய சீட்டை அதில் கட்டிப் பெட்டியில் போட்டார்.

ஒரு மாதம் கழித்து மாட்டுவண்டியில் மூட்டை வந்து இறங்கியது. ஒவ்வொரு ஜோடியின் உள்ளேயும் பிள்ளையின் பேரை மையால் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படிப்பட்ட அம்மா இருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். மூட்டையைப் பிரித்ததும்தான் தெரிந்தது, ஊர் முழுக்க அவள்தான். ஒருவனுக்கு அவன் தாத்தா அளவு. ஒருத்திக்கு அவள் அண்ணன் அளவு. நாலாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வந்த பூட்ஸில் அவன் தம்பியைத் தூக்கி உட்காரவைக்கலாம்.

வாத்தியார் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏண்டா, நான் கால் அளவு கேட்டனா, படகு அளவு கேட்டனா?"

வகுப்பில் ஒரே ஒருத்திக்குத்தான் சரியாக இருந்தது. அவள் தையல்கார பாயின் மகள். அளவு எடுப்பதே தொழிலாக இருக்கிற மனிதர், மகள் காலைப் பிடித்து நூல் பிசகாமல் அளந்து அனுப்பியிருந்தார். அவள் அன்றைக்கே கயிற்றைக் கட்டிக்கொண்டு டக் டக்கென்று வகுப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். எனக்கு வயிறு எரிந்தது.

திருப்பி அனுப்பினால் தன்மேல்தான் பழி வரும் என்று வாத்தியார் பயந்தார். மோட்டாரம்மா மாதம் ஒரு திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பூட்ஸ் போடாமல் இருக்கிற பிள்ளையிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிவிடுவாராம். ஆகவே வாத்தியார் ஓர் ஏற்பாடு செய்தார். மற்ற நாட்களில் யார் காலில் எது இருந்தாலும் அவர் கேட்கமாட்டார். அந்தத் திங்கட்கிழமை மட்டும் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும்.

நைனா உள் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அவருக்கு எழுத்து தெரியாது. முதல் நாள் பூட்ஸைக் கையில் எடுத்து, "ஒன் பேரு எங்க கீது, காட்டு" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை மட்டும் நீட்டிக் காட்டினேன். அவர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் காலை நுழைத்தார். தினமும் என் பேரை மிதித்துக்கொண்டு ஆவடிக்குப் போகிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, கோழி மிதிக்காத இடமாகப் பார்த்து வைப்பார். நான் தொட்டால் அம்மா அதட்டுவாள். என் பூட்ஸை நான் தொடக்கூடாதாம், எப்படி இருக்கிறது நியாயம்?

அதே சமயத்தில் எங்கள் வீட்டில் கூழ் போய்ச் சோறு வந்தது. சனிக்கிழமை நைனா துண்டில் அரிசி முடிந்துகொண்டு வருவார். நான் இரண்டு தரம் போட்டுக்கொண்டு தின்றேன். அரிசி எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

முதல் திங்கட்கிழமை நைனா வேலைக்குப் போகவில்லை. வைக்கோலும் கந்தையும் திணித்து என் காலில் பூட்ஸைக் கட்டிவிட்டார். பள்ளிக்கூடத் தெருக்கோடி வரைக்கும் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் வரிசையாக நின்று கடவுள் வாழ்த்துப் பாடினோம். மோட்டாரம்மா தூரத்திலிருந்தே பார்த்து மகிழ்ந்து போனார்.

அடுத்த மாதம்தான் வினை வந்தது. "எல்லாரும் நடந்து காட்டுங்கோ, பார்க்கலாம்" என்றார் மோட்டாரம்மா.

வாத்தியார் முகம் செத்துப்போயிற்று. தையல்கார பாயின் மகள் டக் டக்கென்று முதலில் போனாள். "பேஷ்" என்றார் மோட்டாரம்மா. அவளுக்கு அடுத்தது நான். நாலு அடி வைப்பதற்குள் வலது பூட்ஸ் பின்னாலேயே நின்றுவிட்டது. நான் மட்டும் வைக்கோலோடு முன்னால் போய் விழுந்தேன். பாய் மகள் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். மோட்டாரம்மா வந்து என்னைத் தூக்கி நிறுத்தி, பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது யாரோடதும்மா?"

என் பேர்தான் உள்ளே எழுதியிருந்தது. என்னுடையது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பினாலும் நம்பியிருப்பார். வாத்தியார் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். எனக்கு இரண்டு மாத எரிச்சலும் ஒரே மூச்சில் தொண்டைக்கு வந்துவிட்டது.

"எங்க நைனாவுது. அவரு காலுக்குத்தான் அளவு குட்த்தாங்க. டெய்லி அவருதான் போட்டுகினு வேலைக்குப் போறாரு. எனக்குத் தரவே மாட்டேன்றாங்க!"

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மோட்டாரம்மாவுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்தது. குழந்தைகளுக்கு என்று கொடுத்ததைப் பெரியவர்கள் பறித்துக்கொள்வதா என்று வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார். பென்சில் வாங்கி, தானே தரையில் உட்கார்ந்து, எங்கள் காலை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காகிதத்தில் வரைந்தார். அவர் கை மெத்தென்று இருந்தது. "அடுத்த மாசம் உனக்கே உனக்குன்னு வரும், அழாதே" என்றார். பெரிய பூட்ஸ்கள் எல்லாம் மூட்டையாகி மோட்டாரில் ஏறின. பையன்கள் சிலர் என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். நான் கவலைப்படவில்லை. பெரியவர்களின் அநியாயத்தை நான் ஒருத்தியாக நின்று ஒழித்துவிட்டேன் அல்லவா!

வாசலில் நைனா எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெறுங்காலோடு ஓடி வந்த என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"பூட்ஸு எங்கம்மா?"

"அந்தம்மா வாங்கிகினு பூட்டாங்க. எனக்கே எனக்குன்னு வேற வரப்போவுது நைனா!"

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். நைனா நடுவில் வந்து நின்றுகொண்டார். "வுடு. கொயந்த பேர்ல வந்தது. கொயந்த கேட்டுது. இதுல இன்னா தப்பு கீது?" என்றார். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நைனாவே சொல்லிவிட்டாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் அவர் விடியும்போதே கிளம்பிப் போனார். நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டுத் தோளில் ஏறிக்கொண்டேன். அவரும் என்னைப் பள்ளிக்கூடம் வரைக்கும் சுமந்துகொண்டு போய் இறக்கிவிட்டார். அதற்கடுத்த நாள் செங்கல் சூளைக்குப் போனார்.

சொன்னபடி அடுத்த மாதம் என் பூட்ஸ் வந்தது. கறுப்புத் தோல், சிவப்புக் கயிறு. விரல் நுனிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு நூல்கூட இடம் இல்லை. மோட்டாரம்மா அவ்வளவு சுத்தமாக அளவு எடுத்திருந்தார். ஒன்பது மாதத்தில் அது என் விரலைக் கடிக்க ஆரம்பித்து, அம்மா அதைத் தம்பிக்கு என்று எடுத்து வைத்தது பின்னால் நடந்த கதை. அன்றைக்கு நான் அதைக் காலிலிருந்து கழற்றவே இல்லை. டக் டக்கென்று வீட்டைச் சுற்றினேன். சூளையிலிருந்து வந்த நைனா தொட்டியோரம் காலைக் கழுவிக்கொண்டே பார்த்து, "ஜோரா கீதே!" என்றார்.

பூட்ஸோடேயே சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா கிண்ணத்தில் கேழ்வரகுக் கூழை ஊற்றி வைத்தாள். எத்தனை நாள் இதையே குடிப்பது? எனக்குக் கோபம் வந்தது.

"இன்னாம்மா இது, தெனிக்கும் கூழு? முன்னல்லாம் சோறு போட்டியே, இப்ப ஏன் போடமாட்டேன்றே?"

அம்மா கரண்டியைச் சட்டியில் போட்டாள். நீட்டியிருந்த என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்ஸ் அழகாக இருக்கிறது என்றுதான் பார்க்கிறாள் என்று நினைத்து, நன்றாகத் தெரியட்டும் என்று பாவாடையை ஒதுக்கிவிட்டு, காலை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நீட்டினேன்.