இரவல் சக்கரங்கள்

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களில் கத்தாத ஆள் ஒருத்தரைக் காட்டு என்றால், அந்தத் தெருவில் எல்லோருடைய விரலும் டீச்சரம்மா பக்கம்தான் திரும்பும். கிளட்சுக்குப் பதிலாக பிரேக்கை மிதித்தாலும் சரி, நடுச்சந்தியில் வண்டியை அணைத்துவிட்டுப் பின்னால் நிற்கிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாலும் சரி, பக்கத்து இருக்கையிலிருந்து ஒரே பதில்தான் வரும்: "பரவாயில்ல, இன்னொரு தடவ பாப்போம்." விழுங்கின கோபமெல்லாம் எங்கே போகிறது என்பதை அவருடைய கணவரிடம் கேட்க வேண்டும். டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடிப்போனால் போதும், பாவம் மனிதர், காருக்குள் கத்தாததையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு பொய்யால்தான். ஒரு காலத்தில் வேறொரு டிரைவிங் பள்ளியில் போன் எடுக்கிற வேலை. கூப்பிடுகிற பெண்களில் பாதிப் பேர் "லேடீஸ் சொல்லிக்கொடுக்கறாங்களா?" என்று கேட்பார்கள், இல்லை என்றதும் வைத்துவிடுவார்கள். இல்லை, இல்லை என்று சொல்லி அலுத்துப்போய் ஒரு நாள் "இருக்காங்களே, நாந்தான்" என்றுவிட்டார். அன்றைக்கு அவருக்கு வண்டியைத் தள்ளக்கூடத் தெரியாது. அதன் பிறகு விழுந்தடித்துக்கொண்டு கற்று, பரீட்சை எழுதி, பல வருஷம் சம்பளத்துக்கு ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார். முன்னால் வைத்திருந்தவன் ஆசைப்பட்டு அதற்கு அலாய் வீல் போட்டிருந்தான். கண்ணாடி மாதிரி மின்னும். படிக்கிற பெண்கள் ஓட்டுகிற வண்டிக்கு அது எதற்கு? ஆனால் டீச்சரம்மாவுக்கு அந்த மினுமினுப்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிடித்து என்ன செய்ய? பின்னால் எடுத்து நிறுத்தப் பழகுகிறவர்கள் சக்கரத்தை நடைபாதைக் கல்லில் கொண்டுபோய் உரசுவார்கள். உரசினால் பளபளப்புக்காக மேலே பூசியிருக்கிற லேக்கரில் கீறல் விழும். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். கொஞ்ச நாளில் உலோகத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி கோடு ஓடும், அப்புறம் லேக்கர் வெங்காயச் சருகு போல எழும்பி நிற்கும். எந்தக் கீறல் யாருடையது என்று டீச்சரம்மாவுக்கு மனப்பாடம். இது பாங்க் பெண், இது இரட்டையர்களில் மூத்தவள், இது கல்யாணத்துக்கு முன்னால் லைசென்ஸ் எடுத்தே தீருவேன் என்று அழுதவள். சிக்னலில் நிற்கும்போது இறங்கி ஒரு சருகைப் பிய்த்துப் போட்டுவிட்டு வந்து உட்காருகிற பழக்கம்கூட அவருக்கு இருந்தது. அவ்வப்போது ஒரு டப்பா லேக்கர் வாங்கி அதன் மேலேயே அடிப்பார். இரண்டு மழை தாங்காது.

"சொறி மேல பவுடர் போட்டா சொறி போயிருமா?" என்பார் கணவர். அதற்கும் வாங்கிக்கொள்வார்.

முதன்முதலில் உரிய ஆரம்பித்தது முன்சக்கரத்தில் இருந்த ஒரு நீளக் கோட்டிலிருந்து. அது யாருடையது என்பதை மட்டும் அவர் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. ஏனென்றால் அது எதிர்ச்சாரியில் இருக்கிற டிரைவிங் பள்ளிக்காரருடைய மனைவி போட்ட கோடு.

எதிர்ச்சாரிக்காரருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் மஞ்சச்சக்கரம். விளம்பரத்துக்காகத் தன் கார்கள் எல்லாவற்றுக்கும் சக்கரத்தில் பளீரென்று மஞ்சள் அடித்து வைத்திருந்தார். நல்ல வாத்தியார்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் தொண்டை! அவர் பாடம் நடத்துவது அடுத்த தெருவில் கேட்கும். டீச்சரம்மாவுக்கும் அவருக்கும் கடை போட்ட நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். படிக்க வருகிற ஆளை இழுக்கிறார் என்று இவர் அவரைச் சொல்வார், அவர் இவரைச் சொல்வார். அப்படிப்பட்டவருடைய மனைவி ஒரு நாள் கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு பின்தெருவில் வந்து நின்று, "எனக்குச் சொல்லித் தாங்கக்கா. அவர்கிட்ட ஒரு நாள் உக்காந்தேன், அன்னிக்கு பூரா கை நடுங்கிச்சு" என்றாள். வேண்டாம் என்று டீச்சரம்மாவின் வாய் சொல்லப் பார்த்தது. வண்டிச் சாவியை நீட்டியது கை. அவள் கற்றுக்கொண்டு லைசென்சும் எடுத்துப் போய்விட்டாள். விஷயம் வெளியே தெரிந்தால் தெருவே இரண்டுபடும் என்று டீச்சரம்மா அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இந்த நிலையில்தான் நர்ஸ் வந்து சேர்ந்தாள். ஏற்கெனவே டிரைவிங் டெஸ்டில் கோட்டைவிட்டவள். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிற ஒரு நிறுவனம் அவளுக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை, மாதம் முடிவதற்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். டெஸ்டுக்கு நாள் கிடைத்திருந்தது, வெள்ளிக்கிழமை. அதை விட்டால் அடுத்த நாள் கிடைக்க இரண்டு மாதம் ஆகும், வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். "இந்த வண்டின்னாதான் டீச்சர் எனக்கு கை ஓடுது" என்பாள்.

அந்த வண்டியோ தினமும் காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. காற்று அடித்தால் மறுநாள் இறங்கிவிடும். ஆணி கீணி ஒன்றும் இல்லை. அலாய் வேலை செய்கிறவர் டயரைக் கழற்றி உள் விளிம்பைக் காட்டினார். லேக்கர் உரிந்த இடத்தில் அரிப்பு உள்ளே வரைக்கும் போய், டயர் பதிந்து உட்காருகிற இடமே சொரசொரவென்று இருந்தது.

"மேல மேல அடிச்சா நிக்காதும்மா. பழசு பூரா உரிச்சுத் தேச்சு, ப்ரைமர் போட்டு, பெயிண்ட் அடிச்சு, புதுசா லேக்கர் போடணும். நாலையும் குடுத்துட்டுப் போங்க, புதன்கிழம தந்திடறேன்."

நர்ஸை ஏற்றிக்கொண்டு போகையில் டயர் இறங்கித் தொலைத்தால் என்ன செய்வது என்று பயந்து, டீச்சரம்மா நான்கையும் கொடுத்தார். கார் மரக்கட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமை பிடித்தது மழை. விட்டேனா பார் என்று பெய்தது.

"ஈரக் காத்துல லேக்கர் அடிச்சா பால் மாதிரி வெளுத்துப் போகும்மா. பழையபடி உரியும்" என்றார் அலாய்க்காரர். "அவசரம்னா அடிக்கறேன். ஆனா அது வேல இல்ல."

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. வியாழக்கிழமை காலையில் மழை விட்டும் காற்றில் ஈரம் போகாதபோது டீச்சரம்மா சக்கரமில்லாத காருக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நர்ஸுக்கு என்ன சொல்வது? வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு மாணவியைத் தானே தோற்கடிக்கப் போகிறோமே என்று நினைத்தார்.

அப்போதுதான் மஞ்சச்சக்கரம் தெருவைக் கடந்து நேராக இவரைப் பார்த்து வந்தார். வேடிக்கை பார்க்க வருகிறான், வரட்டும் என்று டீச்சரம்மா முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"சக்கரம் எங்கே டீச்சரம்மா?"

"வேலைக்குப் போயிருக்கு."

"லேக்கரா?"

"ஆமா."

அவர் குனிந்து கார் உட்கார்ந்திருந்த மரக்கட்டைகளைப் பார்த்தார். "முன்சக்கரத்துல நீளமா ஒரு கோடு இருந்துச்சே. அதுவும் போயிருமா?"

"எல்லாம் போயிரும். எதுக்கு கேக்கறீங்க?"

"அது எங்க வீட்டம்மா போட்டதுதானே."

டீச்சரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவரோ கத்தவில்லை. அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு நெஞ்சு வலி வந்துச்சு. மத்தியானம், பசங்க யாரும் வீட்ல இல்ல. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டா லேட்டாகும்ங்கறாங்க. இவ சாவிய எடுத்தா. நான் பின்சீட்டுல கிடக்கறேன். கிளட்ச மிதி, கியர மாத்துன்னு கத்தலாம்னு பாக்கறேன், சத்தம் வரல. கத்தவும் தேவைப்படல. அவ்வளவு பதமா ஓட்டினா. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரு. கண்ணு முழிச்சதும் யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு கேட்டேன். அழுதுகிட்டே சொன்னா."

டீச்சரம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. ஆள் ஆஸ்பத்திரியில் இருந்தார், இளைத்து வந்தார் என்பது வரைக்கும்தான் காதில் விழுந்திருந்தது.

"அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். இந்த ரோட்டைத் தாண்டத்தான் தைரியம் வரல," என்றார் அவர். "நாளைக்கு உங்க நர்ஸுக்கு டெஸ்டாமே. எங்க வீட்டம்மா சொன்னா. என் வண்டி ஒண்ணு கிளட்ச் வேலையா சும்மா நிக்குது, உங்க வண்டி மாதிரியேதான், சக்கரம் அப்படியே பொருந்தும். கழட்டிட்டு வரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வீம்பு இழுத்தது. நர்ஸின் முகம் நினைவுக்கு வந்தது. டீச்சரம்மா தலையை மட்டும் ஆட்டினார். அதற்குள் கண் நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை டீச்சரம்மாவின் கார் மஞ்சள் சக்கரங்களோடு போனதைத் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. டெஸ்ட் எடுக்கிற அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், கட்சி மாறிட்டீங்களா?" என்றார். நர்ஸுக்கு அந்தச் சிரிப்பிலேயே பாதி பயம் போயிற்று. மேட்டில் நிறுத்தி எடுத்தாள், வளைவில் திரும்பினாள், பின்னால் வந்து அளந்து வைத்த மாதிரி நிறுத்தினாள். பாஸ்.

அதோடு இறங்கியிருக்கலாம். சந்தோஷம் தாங்காமல், "ஒரு டீ சாப்பிட்டுப் போலாம் டீச்சர், நானே ஓட்டறேன்" என்று கிளம்பி, டீக்கடை வாசலில் ஒடித்தாள் பாருங்கள், கிர்ர்ர் என்று ஒரு சத்தம். மஞ்சள் சக்கரத்தின் விளிம்பில் ஒரு நீளக் கோடு. நர்ஸ் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். டீச்சரம்மாவுக்கும் பகீர் என்றது. இருந்தாலும் வாய் பழக்கத்தில் சொன்னது: "பரவாயில்ல."

திங்கட்கிழமை நல்ல வெயிலில் லேக்கர் அடித்துக் காயவைத்த நான்கு சக்கரங்களும் வந்து சேர்ந்தன. வாங்கின புதிதில் இருந்ததைவிட அதிகமாக மின்னின. விரலால் தடவித் தேடினாலும் ஒருத்தருடைய கோடும் இல்லை. டீச்சரம்மா மஞ்சள் சக்கரங்களைத் துடைத்து, கீறல் விழுந்ததை மறைக்காமல் மேலேயே வைத்து ஒரு தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்ச்சாரிக்குப் போனார்.

"அண்ணா, ஒரு தப்பு நடந்துபோச்சு," என்றார். அந்த ஆளு, அந்த ஆளு என்று இத்தனை வருஷம் சொன்ன வாய்க்கு அண்ணா எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "பெயிண்ட் செலவ நான் குடுத்துடறேன்."

அவர் குனிந்து கோட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

"நர்ஸா?"

"ஆமா."

"பாஸாகறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்."

"அப்போ சரி." உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அவள் வந்து பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என் கோடு இதைவிடப் பெருசுக்கா."

"உங்களாலதான் அந்தப் பொண்ணுக்கு வேல கெடச்சுது அண்ணா. எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல," என்றார் டீச்சரம்மா. "செலவு மட்டும் வாங்கிக்கணும். அப்படியே விட்டா அங்கேருந்து பெயிண்ட் உரிய ஆரம்பிக்கும்."

"உரியட்டும் டீச்சரம்மா," என்றார் மஞ்சச்சக்கரம். மனைவி ஒருக்களித்து நின்ற கதவை முழுக்கத் திறந்துவிட, அவர் மேலே சொன்னார்: "எங்க வீட்டுக் கோட்ட இத்தன வருஷம் நீங்க யாருக்கும் சொல்லாம சுமந்தீங்க. உங்க வீட்டுக் கோடு ஒண்ணு எங்ககிட்ட இருந்துட்டுப் போகுது. உள்ள வாங்க."