பாப்பா தலையில் அடித்த சத்தியம்

பம்மலில் சிகரெட்டை விடவைக்கும் திட்டத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை எனக்கு. வீடு வீடாகப் போய்ப் பயனில்லை. எந்த வீட்டைக் கேட்டாலும் எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது என்பார்கள். ஆண்களெல்லாம் இரண்டு தெரு தள்ளி வந்துதான் பற்றவைப்பார்கள். அதனால் நான் டீக்கடை வாசலில் நிற்பேன்.

அங்கேதான் அந்த ஷேர் ஆட்டோக்காரரைப் பிடித்தேன். ஏலக்காய் மென்ற பிறகே வீட்டுக்குப் போகிறவர். மூன்று வாரம் விடாமல் நச்சரித்ததில் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"வூட்டுக்குத் தெரியக்கூடாதுக்கா. இனிமே தொடமாட்டேன்னு பொண்டாட்டிகிட்ட பாப்பா தலைல அட்ச்சி சத்தியம் பண்ணிக்கீறேன்."

இரண்டு கூட்டங்களுக்கு வந்தார். மூன்றாவதற்குக் காணோம், போனையும் எடுக்கவில்லை. சேர்த்தவளே ஆளைத் தக்கவைக்கவும் வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சவாரி விஷயமாக வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கே போனேன். காலையில் கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன்.

கதவைத் திறந்த மனைவி அதில் கொட்டை எழுத்தில் இருந்த 'புகைப்பதை விடுவோம்' என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமலே இன்னொரு குடும்பத்தைக் கெடுத்தேன்.

உள்ளே பாயில் எட்டு வயதுப் பெண் படுத்திருந்தாள். பத்து நாளாக வலிப்பு வருகிறதாம். அப்பா ஸ்கேன் எடுக்க நாள் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

அந்த அம்மா கத்தவில்லை. "அப்போ சத்தியத்த மீறுனதாலதான் என் கொழந்தைக்கு இப்டி ஆச்சா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

மூளை, நரம்பு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆட்டோக்காரர் தானாகவே டீக்கடைக்கு வந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிலேர்ந்து தொடலக்கா. அவ பாப்பாவ தூக்கிகினு அம்மா வூட்டுக்குப் பூட்டா. என்னைப் பாக்க வுடமாட்றா. அவ சொல்றதும் கரெக்டுதான்."

உங்களால் வந்த நோய் இல்லை என்று மறுபடி சொன்னேன். டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நான் சேர்த்தவர்களில் முழுதாக விட்டவர் அவர் ஒருவர்தான். மாதக் கூட்டத்தில் அதைச் சொல்லி எனக்குக் கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.