தூங்குகிறவரை எழுப்புகிறவள்

மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் கூட்டத்தோடு இறங்கிக்கொண்டே ஃபிர்தௌஸ் முணுமுணுக்கிறாள். "ஃபர்ஸ்ட்டு அந்த மஞ்ச சட்டை." மஞ்சள் சட்டைக்காரர் கம்பியைப் பிடித்தபடி ஓரமாக, பேச்சில்லாமல் நிற்கிறார். அவருக்கு ரெண்டு படி தள்ளி ஒரு குழந்தை தொண்டை கிழிய அழுகிறது. கூட வரும் தோழி சான்ட்ரா குழந்தையைக் காட்டினால், "அழுவுற புள்ளைக்கு மூச்சு நல்லா கீதுடி. அது வெயிட் பண்ணும்" என்கிறாள். அதற்குள் மஞ்சள் சட்டை சமோசா வாங்கிக்கொண்டு தெம்பாகப் போய்விடுகிறது.

நர்சிங் மூன்றாம் ஆண்டு. நாலு நோயாளிகளைச் சொல்லி, முதலில் யாரிடம் போவாய் என்று பரீட்சையில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவள் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு அலைகிறாள். அப்பா பாண்டி பஜாரில் ஒரு கடையில் பிளவுஸ் வெட்டுகிறவர். ஞாயிறு மத்தியானம் அவர் கொஞ்சம் அசந்தால் போதும், மகள் தோளைத் தட்டிப் பெயர் கேட்பாள். கண்ணைத் திறக்காமலே, "ஏன், மறந்துட்டியா?" என்பார். பதில் வந்த திருப்தியில் போய்விடுவாள்.

இந்தப் பழக்கத்தால் அடையாறு ஆஸ்பத்திரியில் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டாள். நல்ல தூக்கத்தில் இருந்த ஒருவரை உலுக்கி எழுப்ப, அவர் வார்டே அதிரக் கத்தினார். மாணவிகளைப் பயிற்சிக்கு அழைத்துவரும் பிரிஸில்லா மேடம் எல்லார் எதிரிலும் கேட்டார்: "தூக்கத்துக்கும் மயக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாம என்ன படிக்கிறே?"

தணிகாசலத்தின் அறைக்குள் அவள் போனது அதற்கு மறுவாரம். மந்தைவெளிக்காரர். சர்க்கரை நோய்க்காரர், கால் விரலில் புண் ஆறாமல் வந்து சேர்ந்திருந்தார். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் டியூட்டி நர்ஸ் இன்சுலின் போட்டபோது ஃபிர்தௌஸ் பக்கத்தில்தான் இருந்தாள். தட்டை மேசைமேல் வைத்ததும் அவள்தான். பிறகு கதவருகே நின்று, "சாப்ட்டாரா ஆன்ட்டி?" என்று கேட்டாள். "சாப்ட்டாரும்மா" என்றாள் அவர் மனைவி வேம்பு.

இப்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஏசி ஓடியது. ஆனாலும் தலையணை உறை அவர் கழுத்தடியில் நனைந்திருந்தது.

"ஆன்ட்டி, சாருக்கு வேர்க்குதே."

"தொடாதம்மா" என்று வேம்பு எழுந்து குறுக்கே வந்தாள். "ரெண்டு நாளா வலியில கண்ணே மூடல. இப்பத்தான் தூங்கறாரு. நீ அப்பால வா."

ஃபிர்தௌஸின் கால் வாசல் பக்கம் திரும்பியது. மேடத்தின் குரல் காதில் கேட்டது. நடந்துகொண்டே மேசைமேல் இருந்த தட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சோறு ஒரு ஓரத்தில் மட்டும் கலைந்திருந்தது.

திரும்பிவந்து வேம்புவை விலக்கிக்கொண்டு அவர் தோளைத் தட்டினாள். "சார். உங்க பேரு சொல்லுங்க, சார்."

குழறலாக ஏதோ வந்தது; பெயர் வரவில்லை. நெற்றி ஈரத்துணிபோல் சில்லிட்டிருந்தது. கட்டில் தலைமாட்டிலிருந்த மணியை அழுத்தினாள்; அழுத்திய கையை எடுக்கவில்லை.

வேம்புவுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, சக்கர எறங்கிட்ச்சி." பிளாஸ்கைத் திறந்து, டம்ளரில் பாலை ஊற்றிச் சர்க்கரையைக் கொட்டினாள். ஒரு கையால் அவர் தாடையை நிமிர்த்தி, டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். ஃபிர்தௌஸ் அந்த மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்தாள்.

"வுடுடி. வூட்ல இதத்தான் குடுப்பேன்."

"வூட்ல முழிச்சிக்கினு இருப்பாரு ஆன்ட்டி. இப்ப முழுங்க மாட்டாரு. மூச்சுக்குழாய்ல பூந்துடும்."

"எம் புருசன்டி."

ஃபிர்தௌஸ் விடவில்லை. இருவருக்கும் நடுவில் பால் சிந்திப் படுக்கையெல்லாம் வழிந்தது. செய்தது தப்பென்றால் படிப்பே போய்விடும் என்று தோன்றியது. பிடி இன்னும் இறுகியது.

டியூட்டி நர்ஸ் ஓடிவந்து விரல்நுனியில் குத்திப் பார்த்தாள். எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சர்க்கரை முப்பத்தெட்டில் இருந்தது. கையில் ஏற்கெனவே இருந்த ஊசிவழியாகக் குளுக்கோஸ் இறங்கியது. வேம்பு அவர் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபிர்தௌஸ் அவர் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்ல இமை பிரிந்தது. தணிகாசலம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "இன்னா, இத்தினி பேரு?" என்றார்.

செய்தி எட்டி வந்த பிரிஸில்லா மேடம் பாராட்டவில்லை, திட்டவுமில்லை. "சாப்ட்டாரான்னு கேட்டியா, பாத்தியா?"

"கேட்டேன் மேடம்."

"இன்சுலின் போட்டுக்கிட்டவர் சாப்புடறத பாக்கணும். கேட்டா போதாது."

"இந்தப் பொண்ணு பொய் சொல்லல மேடம், நாந்தான் சாப்ட்டாருன்னு பொய் சொன்னேன்" என்றாள் வேம்பு, யாரையும் பார்க்காமல். "ரெண்டு வாய்தான் எறங்கிச்சி. சாப்புடலன்னா இவர திட்டுவாங்களேன்னு..." நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எல்லாரும் போன பிறகு ஃபிர்தௌஸ் நனைந்த விரிப்பை மாற்றினாள். வேம்புவின் மணிக்கட்டில் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. தடவிக் கொடுக்கத்தான் அந்தக் கையை எடுத்தாள். விரல்கள் தாமாக நாடியில் போய் நின்றன. வேம்பு கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஃபிர்தௌஸ் தன் வாட்ச்சைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.