ஒரு வீட்டுக்கு ஒரு பூட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர் ஃபிட்டர். அதற்குப் பிறகு கற்றதெல்லாம் கையால் கற்றது. ஓடுகிற பம்பின்மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், உள்ளே இருக்கும் பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். பட்டம் வாங்கிய இரண்டு இன்ஜினியர்கள் ஒரு வாரம் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, அவர் முதல் நாளே சொன்னதை நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்த கதை அந்த ஆலையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். சொல்லிக்கொள்ளும் தகுதி அவருக்கு இருந்தது. இல்லாதவன் சொன்னால்தான் அது பீத்தல்.

கடல் தாண்டிப் போய் அவர் பதினொரு வருடம் உழைத்தது ஓர் அட்டை ஆலையில். பழைய அட்டைப் பெட்டிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ஒரு பெரிய தொட்டியில் கொட்டுவார்கள். இரண்டு ஆள் ஆழம். அடியில் பல் வைத்த இரும்புச் சக்கரம். தண்ணீரோடு சேர்ந்து அது சுற்றினால் கால் மணி நேரத்தில் அட்டையெல்லாம் கஞ்சியாகிவிடும். கட்டுக்கம்பியும் பிளாஸ்டிக்கும் மட்டும் கரையாமல் சக்கரத்தில் சடை பிடித்தது போலச் சுற்றிக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியை வடித்து, ஏணி வைத்து ஆள் இறங்கி, அந்தச் சடையை அறுத்து எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஃபிட்டர்தான் நாட்டாமை.

போன புதிதில் அங்கே எதைப் பார்த்தாலும் அவருக்கு வியப்புதான். முதலாளியே ஒருநாள் தலைக்கவசம் இல்லாமல் உள்ளே வந்தபோது, தரை கூட்டுகிற அம்மா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி அவரைத் திருப்பி அனுப்பினாள். முதலாளி முறைக்கவில்லை. அசடு வழியச் சிரித்துவிட்டுக் கவசத்தை எடுக்கப் போனார். அங்கே வேலைக்கு வந்திருந்த நம் ஊர் ஆட்கள் அன்று முழுக்க அந்த அம்மாவுக்கு வேலை போய்விட்டதா என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். மறுநாளும் அவள் கூட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

இன்னொரு வியப்பு, சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகை. வேலையில் தப்புச் செய்தவன், அல்லது தப்பு நடக்க இருந்து தப்பியவன், அதை அவனே அந்தப் பலகையில் எழுதிக் கீழே பெயர் போட வேண்டும். மற்றவர்கள் படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போவார்கள். திட்டு கிடையாது. தன் பல்லைத் தானே குத்தி ஊருக்கு மோந்து காட்டுகிற வழக்கமாக இருக்கிறதே என்று ஃபிட்டர் சிரித்தார். பதினொரு வருடத்தில் அந்தப் பலகையில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. ஃபோர்மேன் ஒரு தடவை, நிஜமாகவே உனக்கு ஒன்றும் நேர்ந்ததில்லையா என்று கேட்டார். ஃபிட்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மார்பைத் தட்டினார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வியப்பு பூட்டு. வேலையில் சேர்ந்த அன்றே அவருக்கு ஒரு சிவப்புப் பூட்டு கொடுத்தார்கள். அதில் அவருடைய படம் ஒட்டியிருந்தது. சாவி ஒன்றே ஒன்று. தொட்டியில் இறங்குகிறவன் முதலில் மின்பெட்டியின் கைப்பிடியைக் கீழே இறக்கி, அதன் கொக்கியில் தன் பூட்டை மாட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு பேர் இறங்கினால் நான்கு பூட்டு. கடைசிப் பூட்டு தொங்குகிறவரை அந்த ஆலையின் சொந்தக்காரனே வந்தாலும் சக்கரம் சுற்றாது. அவனவன் பூட்டை அவனவன்தான் திறக்க வேண்டும். மேலே வந்து இடத்தை விட்டுப் போகும்போது கழற்றிக்கொண்டு போக வேண்டும்.

பெட்டிக்குப் பூட்டுப் பார்த்திருக்கிறோம், உயிருக்குப் பூட்டு இங்கேதான் என்று ஃபிட்டர் எல்லோரிடமும் சொல்வார். மாட்டுவதும் கழற்றுவதும் நாளடைவில் அவர் கைக்குப் பழகிப்போயிற்று. சட்டைப் பொத்தானைப் போல, அவர் நினைக்காமலே கை அதைச் செய்துவிடும்.

மின்பெட்டிக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருந்தாள். அவளும் வேறொரு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள்தான். நம் ஆட்கள் அவளுக்கு ஸ்விட்ச் அம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். பூட்டு எல்லாம் எடுபட்டுவிட்டால் கைப்பிடியை ஏற்றலாம், அவ்வளவுதான் சட்டம். அவளோ அதற்குப் பிறகும் படியேறிப் போய், தொட்டியின் விளிம்பில் குனிந்து, உள்ளே ஒரு சத்தம் கொடுத்துவிட்டு வந்துதான் ஏற்றுவாள். பூட்டையும் நம்பமாட்டாள், ஆளையும் நம்பமாட்டாள், சந்தேகப் பிராணி என்று ஃபிட்டர் அவளை அவள் முகத்துக்கு நேரேயே தமிழில் கிண்டல் செய்வார். அவளும் புரியாமல் சிரித்துவைப்பாள்.

பதினோராவது வருடம் தங்கையின் புருஷனை அதே ஆலையில் சேர்த்துவிட்டார். நம்ம ஆள், தங்கமான ஆள், என் பொறுப்பு என்று ஃபோர்மேனிடம் நெஞ்சில் கை வைத்துச் சொல்லி வாங்கிய வேலை. ஆறு மாதம் பார்ப்பார்கள், சரிப்பட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் விமானம். ஊருக்கு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு புறப்படும்போது தங்கை அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணே, அவரு வெள்ளந்தி. உன் பக்கத்துலயே வச்சுக்க." அப்போது அவளுக்கு நிறைமாதம்.

பக்கத்திலேயேதான் வைத்துக்கொண்டார். மற்ற ஆட்களை டேய் என்று அதட்டுகிறவர், தங்கை புருஷன் என்பதால் இவரிடம் மட்டும் மரியாதையாக அதட்டுவார். கயிறைப் பிடிங்க மாப்ள, தூங்காதீங்க மாப்ள என்று அவர் கத்துவதைக் கேட்டு, அது ஏதோ பெரிய பதவியின் பெயர் என்று நினைத்து, ஃபோர்மேனும் அவரை மாப்ள என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

நான்காவது மாதம். தொட்டி வடித்த ஒரு நாள் காலை. இரண்டு பேரும் மின்பெட்டி முன் வந்து நின்றார்கள். மாப்பிள்ளை சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தார். பூட்டும் சாவியும் துவைக்கப் போட்ட கால்சட்டையில், தங்கியிருக்கும் அறையில். அதற்கும் வழி உண்டு. ஃபோர்மேனிடம் போய்ச் சொன்னால் மாற்றுப் பூட்டு ஒன்று தருவார். ஒரு புத்தகத்தில் பெயர் எழுதிக்கொள்வார். மாப்பிள்ளை கிளம்பிவிட்டார். ஃபிட்டர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நாலாம் மாசமே புத்தகத்துல பேரு ஏறணுமா? கொண்டாந்து விட்டவன் மூஞ்சிய நான் எங்க வச்சுக்கிறது?"

"இல்ல மச்சான், ரூல்னு சொன்னாங்களே."

"ஒரு வீட்டுக்கு எத்தன பூட்டு மாப்ள? ஒண்ணு பத்தாது? என் பூட்டு தொங்குது, நானும் உள்ள இருக்கேன். இறங்குங்க."

இறங்கினார்கள். ஒரு மணி நேரம் அறுத்தார்கள். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, இந்தப் பக்கம் ஃபிட்டர். அப்போது மேலிருந்து ஃபோர்மேன் குரல் கொடுத்தார். ஆலையின் மறுகோடியில் ஒரு பம்பு அலறுகிறது, உன் கைதான் வந்து பார்க்க வேண்டும் என்றார். உன் கைதான் என்ற சொல் காதில் விழுந்தால் ஃபிட்டருக்கு வேறெதுவும் காதில் விழாது. இதோ வரேன் மாப்ள என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். கையைத் துடைத்தார். மின்பெட்டியைக் கடக்கும்போது, பதினொரு வருடப் பழக்கத்தில், கை தானாகக் கழுத்துச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து இடுப்பில் மாட்டிக்கொண்டது. மனசு மறுகோடிப் பம்பில் இருந்தது.

பம்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். பேரிங் என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றார். இடுப்பில் பூட்டு ஆடிக்கொண்டிருந்தது.

அந்த மறுகோடியிலிருந்து தொட்டிக்கு இருநூறு அடி இருக்கும். ஓடக் கூடாது என்று தரையெல்லாம் எழுதிவைத்த ஆலை அது. ஐம்பத்தோரு வயதில் ஃபிட்டர் ஓடினார். ஓடும்போதே காதைத் தீட்டிக்கொண்டு, சக்கரம் சுற்றுகிற அந்த இரைச்சல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு ஓடினார். வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

கொக்கியில் பூட்டு எதுவும் இல்லை. கைப்பிடி கீழேயே இருந்தது. படியின் மேலே ஸ்விட்ச் அம்மா தொட்டி விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியை ஏற்றும் முன் வழக்கம்போல அவள் கொடுத்த சத்தத்துக்கு அடியிலிருந்து பதில் வந்திருந்தது. உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் தலை ஏணியில் மெல்ல மேலே வந்தது. என்ன நடக்க இருந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. வேலை முடிஞ்சிருச்சா மச்சான் என்று கேட்டார்.

விசாரணை ஃபோர்மேன் அறையில் நடந்தது. பூட்டு இல்லாமல் எப்படி இறங்கினாய் என்று கேட்டார்கள். மாப்பிள்ளை, தெரிந்த பத்துச் சொல்லை வைத்துக்கொண்டு, தானே மறந்துவிட்டதாகவும், தானே இறங்கிவிட்டதாகவும், மச்சானுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார். ஃபோர்மேன் ஃபிட்டரைப் பார்த்தார். அப்படித்தானா என்று அந்தப் பார்வை கேட்டது. அந்த மாதம்தான் தலைமை ஃபிட்டர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. பேச்சுக்குப் பேர்போன அந்த வாய் அன்று திறக்கவில்லை. ஃபோர்மேன் எழுதிக்கொண்டார். முடிவு நாளைக்கு, இன்றைக்கு இரண்டு பேரும் அறைக்குப் போங்கள் என்றார்.

பேருந்து பிடித்து அறைக்கு வந்தார்கள். அறையில் ஆறு கட்டில். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை ஊறப்போட்ட கால்சட்டையை எடுத்தார். பையிலிருந்து பூட்டும் சாவியும் சோப்பு நுரையோடு வந்தன. துடைத்துத் தலையணைமேல் வைத்தார். அதில் ஒட்டியிருந்த படத்தில் மாப்பிள்ளை, கல்யாணப் படத்துக்கு நிற்பது போல விறைப்பாக இருந்தார்.

"ஏன் மாப்ள அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்குப் பதினோரு வருசப் பேரு மச்சான். எனக்கு நாலு மாசந்தானே. போனாப் போகுது, புள்ளையப் பாத்துட்டு அங்கயே ஏதாவது செஞ்சுக்கிறேன்."

அந்த நேரம் பார்த்துத் தங்கையிடமிருந்து போன் வந்தது. மகனுக்கு மூன்று மாதம் முடிந்து தலை நின்றுவிட்டதாம். சாப்டீங்களா ரெண்டு பேரும் என்று கேட்டாள். ஃபிட்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். மாப்பிள்ளை எதிரே நின்று, சொல்லாதீங்க என்று கையை ஆட்டினார். ஃபிட்டர் சொல்லிவிட்டார். ஆதியிலிருந்து, கையைப் பிடித்து நிறுத்தியது, ஒரு வீட்டுக்கு ஒரு பூட்டு என்றது, கழற்றிக்கொண்டு போனது, ஃபோர்மேன் அறையில் வாயை மூடிக்கொண்டது என்று ஒன்று விடாமல்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொண்டே தங்கை சொன்னாள்.

"அண்ணே, அவருக்குன்னு ஒரு பூட்டு குடுத்திருக்காங்கல்ல? அத அவரையே போடச் சொல்லு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலை, எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும்போது, ஃபிட்டர் வெள்ளைப் பலகை முன்னால் போய் நின்றார். அந்த நாட்டு எழுத்து அவருக்கு வராது. பேனாவை வாங்கித் தமிழில் எழுதினார். ஐந்தாம் வகுப்பில் விட்ட கையெழுத்து, கோடு இல்லாத பலகையில் மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. 'மாப்பிள்ளை மேல் தப்பு இல்லை. மாற்றுப் பூட்டு வாங்கப் போனவரை நான் தடுத்தேன். உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டை எடுத்துக்கொண்டு போனேன். நேற்று கேட்டபோது சொல்லவில்லை.' கீழே பெயர் போட்டார். பெயரை மட்டும் நன்றாக எழுதினார்.

தமிழ் தெரிந்த ஸ்டோர் கிளார்க் ஒருவர் ஃபோர்மேனுக்கு அதைப் படித்துச் சொன்னார். ஃபோர்மேன் தலையாட்டிவிட்டு, அழிக்காதே என்று சொல்லி, கிளார்க்கை அதன் அடியில் தங்கள் மொழியில் எழுதவைத்தார். ஃபிட்டரிடம், பதினொரு வருடம் கழித்து என்று மட்டும் சொன்னார். அது பாராட்டு இல்லை என்பது இந்தத் தடவை ஃபிட்டருக்குப் புரிந்தது.

திட்டுத்தான் கிடையாதே தவிர, நடவடிக்கை இருந்தது. மாப்பிள்ளையை அனுப்பவில்லை, பார்க்கும் காலத்தை மூன்று மாதம் நீட்டினார்கள். தலைமை ஃபிட்டர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஃபிட்டர் மூன்று மாதத்துக்குத் தொட்டியில் இறங்கக் கூடாது. விளிம்பில் நின்று, உள்ளே இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கையை வைத்தே பேரிங்கைச் சொல்கிற மனிதர், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொருவனாக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பான். அவர் நின்றார். முதல் நாள் நிற்கப் போகும்போது ஸ்விட்ச் அம்மா எதிரே வந்தாள். ஃபிட்டர் இரண்டு கையையும் கூப்பினார். அவள் புரியாமல் சிரிக்கவில்லை. தானும் கையைக் கூப்பினாள்.

கொக்கியில் மாப்பிள்ளையின் பூட்டு தொங்கியது. ஃபிட்டர் அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியேறினார். கீழே இரும்பறுக்கும் சத்தம் கேட்டது.

"மாப்ள."

"இருக்கேன் மச்சான்."

கொஞ்ச நேரம் போயிற்று.

"மாப்ள."

"இங்கதான் மச்சான் இருக்கேன். நிமிசத்துக்கு ஒருக்கா கூப்புட்டா எப்படி அறுக்கிறது?"

"பதில் சொல்லிக்கிட்டே அறுங்க" என்றார் ஃபிட்டர்.