என் வீட்டு ரவுட்டரைப் பார்க்க ஜெரோம் வந்தான்

1. வீட்டிலிருந்து ஒரு கம்ப்ளெயின்ட்

உச்சிப்புளியில் எங்கள் கேபிள் இன்டர்நெட் ஆபீஸ். கனெக்ஷன் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. போன் எடுக்கும் தேவி அன்று காலை ரிசீவரை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வீட்டுலருந்துதான். நெட்டு கட்டாகிக் கட்டாகி வருதாம்."

"சரி, மத்தியானம் போயிப் பாத்துக்கிறேன்."

"இல்லண்ணே... அக்கா ஜெரோம் அண்ணன அனுப்பச் சொன்னாங்க."

ஆபீஸில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஜெரோம் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜெரோம் பாம்பன்காரன். எனக்குப் பல வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன். ஆனால் மண்டபம் முதல் திருப்புல்லாணி வரை கஸ்டமர்கள் கேட்பது அவனைத்தான். எனக்குப் பொறாமை. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. அவன் போட்ட கனெக்ஷனில் ஒரு கம்ப்ளெயின்ட் வந்தால் அன்று எனக்கு டீ இனிக்கும். அப்படி வருவதுதான் அபூர்வம்.

2. ஆறு ஆன்டெனா

என் மனைவி செல்வி, துபாயில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்கு சொல்லித்தருகிறாள். கொஞ்ச நாளாகவே பாடத்தின் நடுவில் அவள் முகம் உறைந்து நின்றுவிடும். ஒரு பிள்ளையின் அம்மா, இன்னொரு தடவை கட்டானால் வேறு டீச்சர் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குடியிருப்பு. ஒன்று போனால் மற்றதும் போகும்.

ரவுட்டர் நான் தேர்ந்தெடுத்தது. ஜெரோம் வீட்டில் நாலு ஆன்டெனா என்று கேள்விப்பட்டேன். நான் ஆறு ஆன்டெனா வாங்கினேன். மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி இருக்கும். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று ஹாலில் கண்ணாடி ஷோகேஸுக்குள் வைத்திருந்தேன்.

ஜெரோம் போய்ச் சேருவதற்குள் பைக்கை விரட்டி வீட்டுக்குப் போனேன். செல்வி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு வந்தீக? உங்ககிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். லைன்ல பிரச்சன, தானா வந்துரும்னுட்டுப் போயிட்டீக. சாயங்காலம் எனக்குக் கிளாஸ் இருக்கு."

பின்னாலேயே ஜெரோம் வந்தான். ரவுட்டர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அக்கா, நீங்க எங்கன உக்காந்து பாடம் எடுப்பீக?"

செல்வி பின்னறையைக் காட்டினாள். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை நான் என் வீட்டில் கேட்டதே இல்லை.

போனில் சிக்னலைப் பார்த்துக்கொண்டே அறை அறையாக நடந்தான். இரும்பு பீரோ அருகே நின்றான். பிறகு ஷோகேஸைத் திறந்து ரவுட்டரின் மேல் கையை வைத்துப் பார்த்தான்.

"அண்ணே, இது நல்ல பெட்டிதான். கண்ணாடிக்குள்ள அடஞ்சு கெடக்குறதால சூடாகி, தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. நடுவுல பீரோ வேற மறைக்குது. கடல் காத்துல அடாப்டர் முனையும் துருவேறிப் போச்சு."

'நல்ல பெட்டிதான்' என்றது செல்வி முன்னால் என் மானத்தைக் காப்பாற்ற. ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அதற்கும் வழி விடவில்லை, பாவி.

பையிலிருந்து ரெண்டே ஆன்டெனா உள்ள சின்ன ரவுட்டர் ஒன்றை எடுத்தான். ஹாலிலிருந்து ஒயரை நீட்டி, பின்னறைக் கதவுக்கு மேலே, காற்றோட்டமாக மாட்டினான். கரண்ட் போனாலும் நெட் நிற்காதபடி மினி யூபிஎஸ் ஒன்றையும் சேர்த்தான்.

"சுவரத் தாண்ட டூ பாயின்ட் ஃபோர் கிகாஹெர்ட்ஸ் சிக்னல், பக்கத்துல வேகத்துக்கு ஃபைவ் கிகாஹெர்ட்ஸ். ரெண்டு பேண்டும் இருந்தாப் போதும்ண்ணே. ஆன்டெனாவ எண்ணி என்ன செய்ய?"

செல்வி அவனுக்கு விருந்தாளிக்கு எடுக்கும் கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தாள், முறுக்கோடு. எனக்கு வழக்கமான எவர்சில்வர் டம்ளர், அதுவும் முக்கால்.

சாயங்காலம் கிளாஸ் நடந்தது. நான் ஹாலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை கட்டாகட்டும் என்று ஒரு மனசு. ஐயோ, செல்வியின் பிள்ளைகள் போய்விடக் கூடாதே என்று இன்னொரு மனசு. கட்டாகவே இல்லை. பாடம் முடிந்து அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அந்தச் சிரிப்பை வரவழைத்தது நான் இல்லை.

3. திருப்புல்லாணி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, ரவுட்டர் கேட்டால் பெட்டியின் படத்தைக் காட்டாதீர்கள். முதலில் வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எங்கே உட்காருகிறார்கள், எத்தனை சுவர், எங்கே இரும்பு நிற்கிறது, கரண்ட் எப்படி என்று கேளுங்கள். கடையும் விலையும் அதற்கப்புறம்.

மறுநாள் திருப்புல்லாணியில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டம்மா, எத்தனை ஆன்டெனா வைத்தது நல்லது என்று கேட்டார்.

"அதெல்லாம் அப்புறம்மா. நீங்க எங்கன உக்காந்து நெட்டுப் பாப்பீக?"

அவர் முகம் மலர்ந்தது.

"எங்க அக்கா வீட்டுக்கு வந்த ஜெரோம் தம்பி மாதிரியே கேக்குறீகளே! அவருகிட்டதான் வேல படிச்சீகளா?"

நான் ஏணியை எடுத்துச் சுவரில் சாத்தினேன்.