ஈஸ்டர் வரக் கூடாது

எங்கள் வீட்டில் அப்பா அடிப்பார், அம்மா குறுக்கே விழுந்து தடுப்பாள். வீடு அப்படித்தான் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தது வில்லியனூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் மாதா கோயில் சாமியார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்கும் விபூதிப் புதன் பூசையில், கறி மீன் என்று கவுச்சியை விடுவது பெரிய காரியமில்லை, எதை விட முடியாதோ அதை விடுங்கள் என்று பிரசங்கம் வைத்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அப்பா அறிவித்துவிட்டார்.

"ஈஸ்டர் வரிக்கும் புள்ளைங்க மேல கை வைக்க மாட்டேன்."

"பீடிய வுடுய்யா, அது போதும்" என்றாள் அம்மா.

அண்ணனுக்குக் கொண்டாட்டம். படம் பிடிக்கிறேன் என்று அப்பாவின் செல்போனை மாட்டுத் தொட்டியில் போட்டான். அப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து, "ஈஸ்டர் வரட்டும்டா" என்றார். அவன் சிரித்தான். எனக்குத்தான் பயம். அடியெல்லாம் எங்கேயோ சேர்ந்துகொண்டே வருகிறது, அன்றைக்கு மொத்தமாக இறங்கும், அவனுக்கு விழும்போது பக்கத்தில் நிற்கும் எனக்கும் விழும் என்று தோன்றியது. ஊரே ஈஸ்டருக்குக் காத்திருக்க, அது வராமல் இருக்க மாதாவிடம் வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

இதில் அம்மா வேறு மாறிப்போனாள். அடிக்க ஆளில்லாத வீட்டில் தடுக்க என்ன இருக்கிறது. துடைப்பத்தை அவளே எடுத்தாள். "வுடுடி, பாவம் புள்ளைங்க" என்று அப்பா குறுக்கே வந்தார். "உனுக்கு மோட்சம், எனுக்கு நரகமா?" என்று அவருக்கும் ஒன்று வைத்தாள்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் என்னால் தாங்க முடியவில்லை. மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன்.

"அப்பா, இப்பவே அடிச்சுடுப்பா."

"இன்னாடி பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. பயமா கீது, அதான். மெதுவா அடி."

அப்பா வைக்கோலைக் கையில் பிடித்தபடியே நின்றார். கோபம் போல என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் ஈஸ்டர், மதியம் கோழிக்குழம்பு. அப்பா என் தட்டில் தொடைக்கறியை வைத்தபோது, வெட்டுவதற்கு முன்னால் ஆட்டுக்குத் தழை காட்டுவது ஞாபகம் வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் குழம்புச் சட்டியைத் தட்டிவிட்டான். அப்பாவின் கை மேலே போனது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அப்பா என்னைப் பார்த்தார். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு, "தொடைச்சி எடுடா" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கை எங்கள் மேல் இறங்கவே இல்லை. அப்பா மறந்துவிட்டார் என்று அண்ணன் சந்தோஷமாக இருந்தான். இன்னும் சேர்த்துவைக்கிறார் என்று பயந்துகொண்டே நான் வளர்ந்தேன்.